பூட்டு அறியாத நிய்யத்

ஓலையில் எழுதியதை ஓலையிலேயே பெயர்த்தெழுதித் தமிழைக் காத்தனர் நம் முன்னோர். உமறுப்புலவர் பாடிய சீறாப்புராணம், செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் 1842 ஆம் ஆண்டு அச்சேற்றும் வரை, ஏடுகளில் படியெடுக்கப்பட்டே நிலைத்தது. படியெடுத்தோர் பலரின் பெயரை யாம் அறியோம். எனினும் அவர்தம் கைவருத்தம் இல்லையேல் அக்காப்பியம் எம் வகுப்பறைக்கு வந்திராது. நல்ல சொல்லைப் படியெடுத்துக் காத்தலும் கல்விப் பணியே என்னும் எண்ணம் எமக்கு அவ்வழியே வந்தது. அவ்வெண்ணத்தை ஒரு தொலைக்காட்சிப் பெட்டி சோதித்த கதையை இங்கு எழுதுகின்றோம்.

எமக்குச் சீறாப்புராணம் கற்பித்த ஆசிரியப் பெருந்தகை இருமுறை தொலைக்காட்சியில் உரையாற்றினார். முதன்முறை, தொண்ணூறுகளில் ஒரு மீலாது நாளன்று. அண்டை வீட்டாரிடம் வி.சி.ஆர். இரவல் பெற்று அதனை வீடியோ கேசட்டில் பதிந்தோம். இரண்டாம் முறை, பல்லாண்டு கழித்து, ரமளான் மாதச் சஹர் நேர நிகழ்ச்சியில். அடுப்படியில் சோறும் ஆணமும் ஆயத்தமாகும் அந்நேரத்தில் அமர்ந்து கேட்க எவருக்கு இயலும்? எம் இல்லத்தில் அப்பொழுது பதிவு வசதியுடைய டிஜிட்டல் செட்-டாப் பெட்டி இருந்தது. அதில் ஒரு பென் டிரைவைச் செருகிப் பதிந்துகொண்டோம். லுஹருக்குப்பின் இல்லத்தார் அனைவரும் அமர்ந்து கேட்டு இன்புற்றோம். படம் கண்ணாடிபோல் தெளிவாயிருந்தது.

பின்னர் ஆசிரியர் மறைந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். ஆறுதல் கூறச் சென்றபொழுது அவர்தம் மகளார், "அத்தா கடைசியாகப் பேசியது உங்களிடம் இருக்கிறதாமே?" என்று கேட்டார். இருக்கிறது, தருகிறோம் என்று வாக்களித்து வந்தோம். இதற்குள் பழைய பெட்டி பழுதுற்று, வேறு பெட்டி வந்திருந்தது. அதில் பென் டிரைவைச் செருகினோம், திறக்கவில்லை. கணினியில் செருகினோம், கோப்பின் பெயர் தெரிந்தது, உரை கேட்கவில்லை. ஒளிபரப்பிய நிலையத்தாரை வினவினோம். தம்மிடமும் அது இல்லை என்றனர்.

கணினித் துறை மாணவர் ஒருவர் காரணத்தை விளக்கினார். இத்தகைய பெட்டி நிகழ்ச்சியைச் சங்கேத வடிவாக்கிப் பதிகிறது. அதனைத் திறக்கும் திறவுகோல் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பெட்டி இறந்தால் திறவுகோலும் இறக்கிறது. பெட்டியிலிருந்து தொலைக்காட்சிக்குச் செல்லும் எச்.டி.எம்.ஐ. கம்பியிலும் எச்.டி.சி.பி. எனப்படும் மற்றொரு பூட்டு இருக்கக்கூடும். அப்பூட்டு இயங்கும்பொழுது, உரிமம் பெறாத பதிவுக் கருவியை இடையில் இணைத்தால் திரை இருண்டுவிடும்.

இப்பூட்டுகளை இட்டோர்பால் நியாயமில்லை என்று கூறமாட்டோம். கேசட்டைப் படியெடுக்குந்தோறும் படம் மங்கும். அம்மங்கலே ஒரு காவலாயிருந்தது. டிஜிட்டல் பதிவோ நூறாம் படியிலும் முதற்படியை ஒத்திருக்கும். பலர் உழைத்து ஆக்கிய படைப்பைத் திருடி விற்போர் பெருகியதைத் தமிழகம் அறியும். 2004 ஆம் ஆண்டு அவர்களைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவர நேர்ந்தது. பிறர் உழைப்பு நம் கையில் அமானிதம். அதில் ஐயமில்லை.

ஆயினும் திருடனையும் மாணவனையும் ஒரே கண்ணால் நோக்கலாமா என்பதே வினா. அமெரிக்காவில் இவ்வினா 1976 ஆம் ஆண்டு வழக்காயிற்று. திரைப்பட நிறுவனங்கள் இரண்டு, பீட்டாமேக்ஸ் பதிவுக் கருவியை விற்ற சோனி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தன. 1984 சனவரி 17 அன்று அந்நாட்டு உச்சநீதிமன்றம், ஐவர்க்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால், இல்லத்தார் ஒரு நிகழ்ச்சியைப் பிறிதொரு நேரத்தில் காண்பதற்காகப் பதிதல் நியாயமான பயன்பாடே எனத் தீர்ப்பளித்தது. குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய பிரெட் ராஜர்ஸ் என்பார், தம் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிந்துகொள்வதில் தமக்கு மறுப்பில்லை என்று அவ்வழக்கில் சான்றுரைத்திருந்தார்.

டிஜிட்டல் காலம் வந்தபின் சிக்கல் மீண்டது. ஒளிபரப்பில் ஒரு குறியைச் சேர்த்து, அக்குறிக்குக் கருவிகள் யாவும் கீழ்ப்படிய வேண்டும் என்று அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் 2003 ஆம் ஆண்டு விதி வகுத்தது. அதனை எதிர்த்து முன்னின்றோர் நூலகர்கள். அமெரிக்க நூலகச் சங்கமும் பிற அமைப்புகளும் தொடுத்த வழக்கில், ஆணையத்திற்கு அவ்வதிகாரம் இல்லையென 2005 மே 6 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியை நீக்கியது. சப்பானில் 2004 ஆம் ஆண்டு முதல் ஒருமுறை மட்டுமே பதியலாம் என்னும் கட்டுப்பாடு இருந்தது. வட்டுக்கு மாற்றினால் மூலம் அழிந்துவிடும். மக்கள் குறைகூறவே, 2008 சூலை 4 முதல் பத்து முறை வரை மாற்றிக்கொள்ள இடமளித்தனர். மனமிருந்தால் பூட்டையும் அளவோடு அமைக்கலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று.

நம் நாட்டுச் சட்டம் எம்மை வியப்பில் ஆழ்த்தியது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டிற்கு நியாயமான அளவில் இடமளிக்கிறது. 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 65அ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்போருக்கு ஈராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. எண்ணத்தோடு என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். சட்டம் தடுக்காத ஒன்றைச் செய்வோருக்கு அப்பிரிவு தடையில்லை. அவருக்கு உதவுவோர், அவர்தம் பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். செயலை எடைபோடுமுன் நிய்யத்தை நோக்குதல் நம் மார்க்க மரபு. சட்டமும் நிய்யத்தைக் கேட்கிறது. பெட்டி மட்டும் கேட்பதில்லை. மேலும், சட்டம் வழியை அடைக்கவில்லையே தவிர, திறவுகோலைத் தரும் கடமையை எவர்மீதும் சுமத்தவில்லை. இறந்த பெட்டியின் திறவுகோலை எம் நிய்யத் எங்குச் சென்று தேடும்?

மகளாரிடம் உண்மையைச் சொல்லி, பழைய கேசட்டின் படியைக் கொடுத்தோம். படத்தில் கோடுகள் ஓடின. முகம் அவ்வப்பொழுது நடுங்கியது. குரல் மட்டும் அன்று வகுப்பில் கேட்ட அதே குரல். அம்மையார் கண்ணீர் மல்கக் கேட்டார். தெளிவான உரை எம் மேசையில் ஊமையாய்க் கிடக்கிறது. மங்கலான உரையே பேசுகிறது.

இளைய தலைமுறைக்கு ஒரு வேண்டுகோள். நம் சான்றோர் தொலைக்காட்சியில் பேசச் செல்லும்பொழுதே, ஒரு படியைக் கல்லூரி நூலகத்திற்கு வழங்குமாறு நிலையத்தாரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பெட்டியை நம்பி இராதீர்கள். யாம் நம்பி இழந்தோம். எம் ஆசிரியரின் மஃபிரத்திற்காக இதனைப் படிப்போர் துஆச் செய்வீர்களாக.