மியூட்டில் போட்ட நண்பன்

எங்கள் கம்ப்யூட்டர் பிரிவு வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அறுபது பேர். விடியற்காலை ஐந்தரைக்கே 'குட் மார்னிங்' ரோஜாப்பூ வந்து விழும். அப்புறம் மீம்ஸ், கிரிக்கெட் சண்டை, அதற்குப் பதில் சண்டை! இரண்டாம் ஆண்டு ஆரம்பத்திலேயே நான் குழுவை 'எப்போதும்' என்று மியூட் செய்து, ஆர்க்கைவிலும் தள்ளிவிட்டேன். என்ன நிம்மதி!

செப்டம்பரில் ஒரு ராத்திரி என் பெஞ்ச் நண்பன் அதில் எழுதியிருக்கிறான்: "எக்ஸாம் ஃபீஸ் கட்ட நாளைக்குத்தான் கடைசி. முந்நூறு ரூபா குறையுது, யாராச்சும் குடுங்கடா." நான் பார்த்தது நாலு நாள் கழித்து. அதற்குள் அவன் அம்மா பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கி, அபராதத்தோடு கட்டியாகிவிட்டது. குழுவிலிருந்தும் விலகிவிட்டான்.

"மியூட்ல இருந்துச்சுடா" என்றேன்.

"அது எனக்கெப்படித் தெரியும்? அறுபது பேரும் பாத்துட்டுப் பேசாம இருக்கீங்கன்னு நெனச்சேன்."

இந்த உறுத்தலை லேபில் சாரிடம் சொன்னபோது, "இது பழைய வியாதிப்பா. யூஸ்நெட்டைப் பத்திப் படி" என்றார். படித்தேன்.

1979இல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவர் மனதில் உதித்தது யூஸ்நெட். ஊர் ஊராகக் கம்ப்யூட்டர்களை இணைத்து, தலைப்புவாரியாகக் கடிதம் போட்டு விவாதிக்கும் திண்ணை. 1984இல் லாரி வால் (பின்னால் பெர்ல் மொழியைத் தந்தவரேதான்) அதைப் படிக்க 'ஆர்என்' என்ற மென்பொருள் எழுதினார். அதில் 'கில் ஃபைல்' என்று ஒன்று. வேண்டாத தலைப்பையோ ஆளையோ அதில் குறித்து வைத்தால், அந்தக் கடிதம் நம் கண்ணிலேயே படாது.

1993 செப்டம்பருக்குப் பிறகு புதியவர் கூட்டம் ஓயவே இல்லை. 1994 ஏப்ரலில் இரண்டு வக்கீல்கள் ஒரே கிரீன் கார்டு விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் கொட்டினார்கள். கில் ஃபைலுக்குத் தினமும் வேலை! ஒருவனைத் தடுத்தால் வேறு பெயரில் வருவான். அவன் எழுதியதை இன்னொருவர் மேற்கோள் காட்டித் திட்ட, அதே குப்பை மறுபடி உள்ளே வரும். களையெடுத்தே கை சலித்துப் போகும்.

அதனால்தான் ஜனம் போய்விட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வடிகட்டி இல்லாவிட்டால் பழையவர்கள் இன்னும் சீக்கிரம் ஓடியிருப்பார்கள். ஆனால் அந்த வடிகட்டி அவரவர் வீட்டுக்குள் மட்டும்தான். புதிதாக வருபவன் கண்ணில் மொத்தக் குப்பையும் படும். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்களோ கதவைச் சாத்தியிருப்பார்கள். அவன் எத்தனை நாள் இருப்பான்? ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தவர் ஒருவரைக் கில் ஃபைலில் போட்டால் 'ப்ளாங்க்' என்று எழுதி அவருக்கே தெரிவிப்பதுண்டு. நான் அதுகூடச் செய்யவில்லை.

நண்பனைக் குழுவில் திரும்பச் சேர்க்கச் சொல்லிவிட்டேன். மியூட்டை எடுக்கவில்லை, ரோஜாப்பூ இன்னும் வருகிறதே! படுக்கப்போகும் முன் ஒருமுறை திறந்து, அவன் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன். இதுவரை அவன் ஒன்றும் எழுதவில்லை.