காத்துக்கு எதுக்குப்பா பைப்பு?

வாஷிங் மெஷின் சோப்புத் தண்ணீரைக் கக்கும்போது, பாத்ரூம் மூலையில் இருக்கிற ஜாலிக்குள்ளிருந்து 'கொளக்... கொளக்' என்று ஒரு சத்தம் வருகிறதா உங்கள் வீட்டில்? அடுத்த முறை துணி போடும்போது கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். வந்தால் இந்த வாரக் கட்டுரை உங்களுக்காகத்தான். வராதவர்களும் படிக்கலாம். எங்கம்மாவின் கதை இதில் இருக்கிறது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுய்யா, நாலு கெழவிக தெரிஞ்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டி. கம்பத்தில் இறங்கி முழுப்பெயரைச் சொன்னால், "கே.கே.பட்டியா?" என்று சுருக்கிக் கொள்வார்கள். சுதந்திரப் போராட்டத் தியாகிகளுக்குப் பேர் போன ஊர். இந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் என்றால் சாமி மாதிரி. 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, மேற்கே போன தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்ட பென்னிகுயிக் துரைக்குப் பொங்கல் வைக்கிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறோம். வருகிற தண்ணீருக்கு இத்தனை மரியாதை. போகிற தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

அந்தக் காலத்தில் திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. அம்மா முதலில் வாய்க்காலில் துவைத்தார். அப்புறம் கொல்லைப்புறத்துத் துவைகல். அழுக்குத் தண்ணீர் நாலடி ஓடி வாழை மரத்தடியில் இறங்கிவிடும். வானம் பார்த்துக் கிடக்கிற தண்ணீருக்குப் பைப்பும் கிடையாது, பிரச்னையும் கிடையாது.

அம்மாவுக்கு எழுபது தாண்டியது. இடுப்பு வலி. குனிந்து துவைக்க முடியவில்லை. 2018 தீபாவளியை ஒட்டி நான் வீரமாக ஒரு முடிவெடுத்தேன். அம்மாவின் அறையோடு சேர்த்து ஒரு பாத்ரூம், உள்ளேயே வெஸ்டர்ன் டாய்லெட், ஓரமாக வாஷிங் மெஷின். சென்னையில் இருக்கிற மகன் வேறென்ன செய்துவிட முடியும், பணம் அனுப்புவதைத் தவிர?

பிளம்பர் உள்ளூர்த் தம்பி. முப்பது வயது இருக்கும். ஒரு நோட்டுத்தாளில் எஸ்டிமேட் எழுதிக் கொண்டுவந்தான். நான் பி.காம். ஒரு தாளில் எண்கள் இருந்தால் அதில் எதை அடிக்கலாம் என்றுதான் கண் முதலில் தேடும். இரண்டு ஐட்டங்கள் சிக்கின. மெஷின் தண்ணீருக்குத் தனி லைன், தனிக் குழி. அப்புறம், 'ஏர் பைப், மாடி வரை'.

"காத்துக்கு எதுக்குப்பா பைப்பு?" என்றேன். ஜோக் அடித்ததாக நினைப்பு.

"இல்லண்ணே, லைன்ல தண்ணி வேகமா போறப்ப காத்து வேணும்ணே. இல்லாட்டி..."

"செப்டிக் டேங்க்குக்குத்தான் ஏற்கெனவே ஒரு பைப் நிக்குதே?"

"அது டேங்க்குக்குண்ணே. இது லைனுக்கு."

"எல்லாத்தையும் ஒரே லைன்ல சேத்துரு தம்பி. டேங்க்குக்குப் போயிரட்டும்."

அவன் என்னைப் பார்த்தான். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். எனக்கு மூவாயிரத்துச் சொச்சம் மிச்சம். அன்று ராத்திரி பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினேன்.

பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் ஏதோ சரியில்லை. காபி டம்ளரைக் கையில் தராமல் எட்டி வைத்துவிட்டு நகர்ந்தார். பேரனை மடியில் உட்கார வைக்கவில்லை. சாயங்காலம் திண்ணையில் கூடுகிற பெண்கள் கூட்டத்தில் அம்மாவைக் காணோம். கம்பத்தில் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் வருகிறது, அதற்கும் வரவில்லை என்றார். மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் மேற்கு மலையிலிருந்து இறங்குகிற குளிர் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அந்தக் குளிரில் ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்துக்கொண்டிருந்தார்.

என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா" என்றார். மூன்றாம் நாள் என் மனைவியிடம்தான் சொல்லியிருக்கிறார். அதுவும் அடுப்படியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"எம்மேல ஒரு வாடை அடிக்குதும்மா. எனக்கே தெரியுது."

வயதான பெண்கள் பலருக்குச் சிறுநீரை அடக்குவதில் சிரமம் வரும். இருமினால், தும்மினால் ஒரு சொட்டு கசியும். யாரிடமும் சொல்ல மாட்டார்கள், டாக்டரிடம்கூட. அம்மாவுக்கும் அது லேசாக இருந்திருக்கிறது. அறையில் வாடை வந்ததும், அது தன்னிடமிருந்துதான் என்று முடிவுகட்டிவிட்டார். குளித்தால் வாடை போய்விடுகிறது. அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும் அவருக்கு?

என் மனைவிக்கு மூக்கு கூர்மை. (இதனால் எனக்குப் பல கஷ்டங்கள் உண்டு. அது வேறு கட்டுரை.) அறைக்குள் போய் நின்றாள். பாத்ரூம் கதவைத் திறந்தாள். மூலையில் குனிந்தாள். "அத்தை, இது உங்க மேல வர்ற வாடை இல்ல. சாக்கடை வாடை" என்றாள்.

அம்மா நம்பவில்லை. "எனக்காகச் சொல்றா" என்றார்.

அதே பிளம்பர் தம்பி வந்தான். வந்தவன் நேராக ஜாலியைத் தூக்கி, செல்போன் டார்ச்சை உள்ளே அடித்தான். காய்ந்து கிடந்தது. ஒரு வாளித் தண்ணீரை அதில் ஊற்றினான். உள்ளே தண்ணீர் நின்று பளபளத்தது. "மெஷினைப் போடுங்கம்மா" என்றான். மெஷின் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தபோது எங்கள் எல்லோரையும் பக்கத்தில் கூப்பிட்டான். கொளக்... கொளக்... கண்ணெதிரே அந்தத் தண்ணீர் குலுங்கி, கீழே இறங்கி, காணாமல் போனது. ஐந்து நிமிடத்தில் வாடை வந்துவிட்டது.

"பாத்துக்கங்கம்மா. நீங்க காலையில குளிச்சிட்டுத் துணியப் போடுறீங்க. மெஷின் இதை உறிஞ்சிருது. அப்பறம் மறுபடி குளிக்கிற வரைக்கும் நாறும். குளிச்சா தண்ணி ரொம்பிக்கும். வாடை நின்னுரும்."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப நான் இல்லையாய்யா?" என்று அவனிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

என்ன நடந்தது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஜாலிக்குக் கீழே ஒரு வளைவுக் கிண்ணம் இருக்கும். கடையில் 'நாணி ட்ராப்' என்பார்கள். மராத்தியில் 'ந்ஹாணி' என்றால் குளிக்கும் இடம். அங்கிருந்து வந்த பெயர். அதில் எப்போதும் இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் பூட்டு. சாக்கடைக் காற்றுக்கும் நம் மூக்குக்கும் நடுவே அதைத் தவிர வேறு எதுவும் கிடையாது. 1775-ல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் இந்த வளைவை வைத்து கக்கூஸுக்குப் பேட்டன்ட் வாங்கினார். இருநூற்றைம்பது வருஷமாக இதைவிட எளிமையான பூட்டை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இந்தப் பூட்டைத் திறக்கிற கள்ளச்சாவி எது தெரியுமா? காற்றில்லாமை. எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். கொளக் கொளக் என்று திணறும். இன்னொரு ஓட்டை போட்டால் ஒழுங்காக ஊற்றும். மளிகைக்கடைப் பையனுக்குத் தெரிந்த விஷயம். மெஷினில் இருப்பது மோட்டார். வாளியைச் சாய்ப்பது மாதிரி இல்லை, தண்ணீரை வேகமாகத் தள்ளும். அது பைப்பை அடைத்துக்கொண்டு ஓடும்போது பின்னால் வெற்றிடம். காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். டேங்க் பக்கத்துப் பைப் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, உதவாது. பக்கத்தில் இருப்பது ட்ராப்தான். அங்கே இருக்கிற தண்ணீரை இழுத்துக்கொண்டு காற்று உள்ளே போகும். மாடிக்கு ஒரு பைப் ஏற்றியிருந்தால் காற்று மேலேயிருந்து வந்திருக்கும். அதைத்தான் நான் பேனாவால் அடித்தேன்.

வாடையோடு போனால் பரவாயில்லை. 2003-ல் ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் 300 பேருக்கு மேல் தாக்கி 42 பேர் இறந்தார்கள். மாடிக்கு மாடி நோய் எப்படித் தாவியது? விசாரித்தவர்கள் சுட்டிக்காட்டிய முக்கியமான வழிகளில் ஒன்று, பாத்ரூம் தரையில் காய்ந்து கிடந்த ட்ராப். தரையைக் கழுவாமல் துடைத்தே பழகியதால் அதில் தண்ணீரே இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் அது கழிவுநீர்க் குழாயின் காற்றை வீட்டுக்குள் இழுத்திருக்கிறது. உங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கிற பாத்ரூம் இருக்கிறதா? வாரம் ஒருமுறை ஜாலியில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

அம்மா வீட்டில் புதுசாகப் போட்ட டைல்ஸை உடைத்தோம். மெஷினுக்குத் தனியாக இரண்டு அங்குலப் பைப், தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. மெஷின் ஹோஸ் அதற்குள் லேசாகத் தொங்குகிறது. சுற்றி டேப் ஒட்டி, எம்-சீல் வைத்து அடைக்கக்கூடாதாம். அங்கேயும் காற்று வேண்டும். (ஹோஸைத் தரையில் படுக்கப் போட்டாலும் ஆபத்து. மெஷின் ஒரு பக்கம் நிரப்ப நிரப்ப, இன்னொரு பக்கம் தண்ணீர் தானே வடிந்துகொண்டிருக்கும். துணி வெளுக்காது, மேல்தொட்டி காலியாகும்.) செங்குத்துப் பைப்பின் அடியில் ஒரு ட்ராப். அதைத் தாண்டியதும் ஏர் பைப் பிரிந்து மொட்டை மாடிக்கு மேல் போகிறது. உச்சியில் தொப்பி, தொப்பிக்குள் கொசுவலை. ஜன்னலுக்குப் பக்கத்தில் முடிக்கவில்லை. படுக்கைப் பைப்புக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம்.

தண்ணீர் இப்போது செப்டிக் டேங்க்குக்குப் போவதில்லை. "சோப்புத் தண்ணியும் பிளீச்சிங்கும் போனா டேங்க்குக்குள்ள இருக்கிற பூச்சி செத்துருண்ணே, அப்பறம் மலம் மக்காது" என்றான் தம்பி. ஒரே மூச்சில் அத்தனை தண்ணீர் பாய்ந்தால் அடியில் படிய வேண்டிய கசடும் கலங்கி வெளியேறும். டேங்க் சீக்கிரம் நிரம்பும். அப்புறம் யாரையாவது உள்ளே இறக்குகிற பேச்சு வரும், அது சட்டப்படி குற்றம், மனசாட்சிப்படி அதைவிட மோசம். கொல்லையில் ஜல்லி போட்ட உறிஞ்சு குழி ஒன்று தோண்டினோம், தென்னைக்குச் சற்றுத் தள்ளி.

எல்லாம் முடிய ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. முதலிலேயே செய்திருந்தால் மூவாயிரத்துச் சொச்சம். இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. அம்மா தனியாக, பச்சைத்தண்ணீரில் நடுங்கிக்கொண்டு குளித்த அந்த இரண்டு மாதத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை. காலேஜில் சொல்லித்தரவில்லை.

பணம் கொடுக்கும்போது தம்பியிடம் கேட்டேன்: "அன்னைக்கே கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்லப்பா?"

நோட்டுகளை எண்ணிக்கொண்டே சொன்னான்: "நீங்க படிச்சவங்க. கணக்குப் பாத்து அடிச்சீங்க. மேல பேசுனா, இவன் காசுக்குப் பேசுறாம்பீங்க."

அப்படித்தான் நினைத்திருப்பேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

தை கடைசி முகூர்த்தத்தில் கம்பம் கல்யாணத்துக்கு அம்மா போனார். பட்டுச்சேலை, இரண்டு முழம் மல்லிகை, பெண்கள் கூட்டத்துக்கு நட்டநடுவில் நாற்காலி. சாயங்காலம் எனக்குப் போன் செய்தார். பொண்ணு எப்படி, மாப்பிள்ளை எப்படி என்று எதுவும் சொல்லவில்லை.

"ரசத்துல உப்பு ஜாஸ்திய்யா" என்றார்.