பழைய ஒலிபெருக்கியும் பன்னிரண்டு கற்களும்



இந்த வாரத் தியானத்திற்கு யோசுவாவின் புத்தகம் 4-ஆம் அதிகாரத்தையும், 2 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்தின் முதல் பகுதியையும் வாசியுங்கள். முதலாவது பகுதியில், யோர்தானின் நடுவிலிருந்து எடுக்கப்பட்ட பன்னிரண்டு கற்கள் கில்காலில் நாட்டப்படுகின்றன. இரண்டாவதில், மோசே வனாந்தரத்தில் உண்டாக்கிய வெண்கலச் சர்ப்பத்தை எசேக்கியா ராஜா உடைத்துப்போடுகிறார். இரண்டுமே தேவன் செய்த நன்மையை நினைப்பூட்டிய பொருள்கள்தாம். ஒன்று காக்கப்பட்டது, மற்றொன்று நொறுக்கப்பட்டது. ஏன்?

நம் சபையின் விதவைத் தாயார் ஒருவர் அண்மையில் கேட்ட கேள்வியே என்னை இந்தப் பகுதிகளுக்கு அழைத்துச் சென்றது. அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன். கணவர் வாங்கி வைத்த இரண்டு பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகள் அவர் வீட்டில் இருக்கின்றன. அவை பாடுவதை நிறுத்திப் பல ஆண்டுகளாயின. வெளியூரில் வாழும் மகன், “பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுங்கள் அம்மா” என்கிறார். தாயாரோ, “ஐயா, கொடுக்க மனம் வரவில்லை. இது எனக்கு விக்கிரகம் ஆகிவிட்டதோ?” என்று கலங்கினார்.

இளையோர் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் நம் கரிசல் பூமியில் ஒரு வீட்டிற்குள் குரலும் பாட்டும் வந்து சேர்ந்தது சிறிய காரியம் அல்ல. வானொலிப் பெட்டி வைத்திருக்க ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய காலம் ஒன்று இருந்தது. வால்வு சூடேறும்வரை வீட்டார் அமைதியாகக் காத்திருப்பார்கள். கொழும்பிலிருந்து இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு கடல் கடந்து வந்தது. 1963-இல் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கியது. 1970 முதல் செஷல்ஸ் தீவிலிருந்து ஃபீபா வானொலி சிற்றலையில் சுவிசேஷத்தை அனுப்பியது. ஆலயத்திற்கு வர இயலாத முதியோருக்கும் அந்தச் சிறு பெட்டியே நற்செய்தியைக் கொண்டுவந்தது.

பின்னர் டேப்ரிக்கார்டர் வந்தது, தனி ஒலிபெருக்கிகள் வந்தன. பெட்டி வாங்க வசதியற்றவர்கள் வெறும் ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் பொருத்தினார்கள். அதன் நுட்பம் எளியது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசையும்போது இருபுறமும் ஒலியலைகள் எழுகின்றன. கனத்த ஒலியில் முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்துவிடும். பின்னலையைப் பானை தன் வயிற்றில் அடக்கிக்கொள்வதால் முன்னலை முழுமையாக நம் செவிக்கு எட்டுகிறது. 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்சர் காற்றுப் புகாத பெட்டியை அமைத்து, உள்ளே அடைபட்ட காற்றையே கூம்பைத் தாங்கும் சுருள்வில்லாக்கினார். சிறிய பெட்டியிலிருந்தும் கனத்த ஒலி பிறந்தது. நம் ஊர்ப் பானையும் தன்னால் இயன்ற அளவில் அந்தத் தொண்டையே செய்தது. வெறுமையாய் இருந்ததால்தான் அது பயன்பட்டது. தானியம் நிரம்பிய பானை பாடாது.

பிரியமானவர்களே, நல்ல ஒலிபெருக்கிக்கு ஓர் இலக்கணம் உண்டு. பாட்டைக் கேட்கிறவர் பெட்டியை மறந்துவிட வேண்டும். பாடகர் எதிரே அமர்ந்து பாடுவதுபோல் தோன்ற வேண்டும். கேட்கிறவர் பாட்டை விட்டுவிட்டுக் கருவியின் பெருமையையே பேசத் தொடங்கினால், கருவி தன் வேலையில் தோற்றது என்று பொருள். யோவான்ஸ்நானகன் தன்னைக் குரல் என்று மட்டுமே சொல்லிக்கொண்டார். ஊழியத்தில் நிற்கும் நானும், பாடற்குழுவில் நிற்கும் நீங்களும் நாள்தோறும் கற்க வேண்டிய பாடம் அது.

இப்போது கேள்விக்கு வருவோம். யோர்தான் கற்களைப் பார்த்துப் பிள்ளைகள், இவை என்ன என்று வினவுவார்கள். அப்போது பெற்றோர் தேவன் நடத்திய வழியைச் சொல்ல வேண்டும். கற்கள் நாட்டப்பட்ட நோக்கம் அதுவே. கல்லைக் கண்டவர் கர்த்தரைப் பற்றிப் பேசினார். வெண்கலச் சர்ப்பத்தின் காரியம் வேறுவிதமாய் முடிந்தது. இஸ்ரவேலர் அதற்கே தூபங்காட்டினார்கள். கர்த்தருக்குரியதை ஒரு வெண்கலத் துண்டு வாங்கிக்கொண்டது. ஆகவே எசேக்கியா அதை உடைத்து, நிகுஸ்தான் என்று பெயரிட்டார்.

அந்தத் தாயாரிடம் நான் கேட்டது ஒன்றே: “அம்மா, அந்தப் பெட்டிகளைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன நினைவு வருகிறது?” அவர் சொன்னார்: “ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவர் ஞானப்பாட்டு போடுவார், ஐயா. அந்தச் சத்தத்தில்தான் பிள்ளைகள் கண் விழிப்பார்கள். இப்போது வீடு ஓசையற்றுக் கிடக்கிறது.” அது விக்கிரகம் அல்ல, நினைவுக்கல் என்று சொன்னேன். வீட்டின் மௌனமே அவர் துயரம் என்பதும் எனக்கு அப்போது விளங்கிற்று.

பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் பெட்டிகளைத் திறந்து பார்த்தார். கூம்பைச் சுற்றியிருந்த நுரைப்பஞ்சு வெப்பத்திலும் ஈரத்திலும் பொடிந்திருந்தது. காந்தத்திற்கும் கம்பிச்சுருளுக்கும் ஒரு சேதமும் இல்லை. ஓரத்தை மாற்றினால் மீண்டும் பாடும் என்றார். 2 கொரிந்தியர் 4-ஆம் அதிகாரத்தில் பவுல் நம்மை மண்பாண்டங்களுக்கு ஒப்பிட்டு, புறம்பான மனுஷன் தளர்ந்தாலும் உள்ளான மனுஷன் நாளுக்குநாள் புதிதாவதைச் சொல்கிறார். நம் வீடுகளில் ஓரம் பொடிந்து, பேச்சற்று அமர்ந்திருக்கும் முதியோரையும் அந்த அதிகாரத்தோடு சேர்த்து எண்ணிப்பாருங்கள்.

வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, பழைய பொருளை என்ன செய்வது என்று முடிவெடுக்குமுன் அதன் கதையைக் கேளுங்கள். இந்த வாரம் ஒருநாள் உங்கள் தாய் தகப்பனை அழைத்து, அவர்கள் பேசி முடிக்கும்வரை செவிகொடுங்கள். குருவிகுளத்தில் இருப்பவர்களே, ஓசையற்ற வீடு ஒன்றுக்குச் சென்று, ஒரு பாட்டுப் பாடி, ஜெபித்துத் திரும்புங்கள்.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, நீர் எங்களை நடத்திவந்த வழிகளை மறவாதிருக்கச் செய்யும். நினைவுகள் உமக்குரிய இடத்தைப் பிடிக்காதபடி காத்துக்கொள்ளும். மண்பாண்டங்களாகிய எங்களை வெறுமையாக்கி, உம்முடைய சத்தத்தால் நிரப்பும். தனிமையில் இருப்போருக்கு எங்களை ஆறுதலின் குரலாக்கும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.