கூமுட்டை

கோழி அடை வைக்கிறதைப் பற்றி இலக்கியப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். காலனியில் பிறந்தவர்கள் கேட்க மாட்டார்கள். பெட்டைக்கோழி அடைக்கு உட்கார்ந்தால் 21 நாளைக்கு எங்கள் வீட்டுக் கணக்கே அதைச் சுற்றித்தான். என் பரீட்சைப் பணம், தாத்தாவுக்கு மருந்து, பொங்கலுக்குப் பாவாடை எல்லாம் அந்தக் கூடைக்குள்தான் கிடந்தன.

ஆயா மூங்கில் கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு, 11 அல்லது 13 என்று ஒற்றைப்படையில் முட்டை வைக்கும். ஒரு வாரத்துக்கு மேல் ஆன முட்டையைச் சேர்க்காது. இடிச் சத்தத்தில் முட்டை கலங்கிவிடும் என்று ஒரு கரித்துண்டும் போடும். கரித்துண்டு நம்பிக்கை. மற்றதெல்லாம் அறிவு. ஏழாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொரு முட்டையாக டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும். சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் கரு வளருது. வெறும் வெளிச்சமாக இருந்தால் கரு கூடவில்லை. நரம்பில்லாமல் ரத்தம் வளையமாக நின்றிருந்தால், கரு கூடிப் பாதியில் செத்தது.

கடைசி இரண்டையும் ஊர் கூமுட்டை என்று ஒரே பேரில் கூப்பிடும். ஆயா கூப்பிடாது. "இது உசுரே புடிக்காதது. இது உசுரு புடிச்சும் சூடு கெடைக்காம செத்தது. ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்கும். அப்புறம் கோழியை எழுப்பியது நாயா பூனையா, கூடை மழையில் நனைந்ததா என்று விசாரிக்கும். முட்டையைக் குற்றம் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த வித்தியாசம் தெரியாதவர்களிடம்தான் நாங்கள் படிக்கப் போனோம். ஆறாம் வகுப்பில் காலனிப் பிள்ளைகள் நாலு பேர். நாலு பேருக்கும் கடைசி வரிசை. வாத்தியார் எங்கள் நோட்டைத் தொட்டுத் திருத்த மாட்டார். பதில் தெரியாமல் நின்றால், "கூமுட்டைங்க. சேரியில வேற என்ன பொரியும்?" என்பார். மூன்று பேர் எட்டாவதைத் தாண்டவில்லை. ஒருத்தி செங்கல் சூளைக்குப் போனாள். நான் தப்பித்தது குஞ்சு விற்ற காசாலும், காலனியில் ராத்திரிப் பாடம் நடத்திய அண்ணன்களாலும்தான். பள்ளிக்கூடம் தராத சூட்டைத் தெரு தந்தது. சதாரா பள்ளியில் 1900இல் சேர்ந்த அம்பேத்கரையும் தனியாகச் சாக்கில்தான் உட்கார வைத்தார்கள்.

இன்குபேட்டரில் சூடு 37.5 டிகிரி நிற்க வேண்டும். ஈரம் வேண்டும். தினம் பலமுறை முட்டையைத் திருப்ப வேண்டும், கடைசி மூன்று நாள் திருப்பாமல் விட வேண்டும். பொரிக்காவிட்டால் பண்ணைக்காரர் மெஷினைத்தான் பழுது பார்க்கிறார். கல்வித்துறையோ 'இடைநிற்றல்' என்று பிள்ளையின் பேரில் கணக்கு எழுதுகிறது. தமிழ் எம்.ஏ. படித்தவள் என்பதால் கேட்கிறேன், அந்தச் சொல்லுக்கு எழுவாய் யார்? நின்றது பிள்ளையா? பாதியில் எழுந்துபோனது பள்ளிக்கூடமா?

நம்ம பிள்ளைகளை யாராவது கூமுட்டை என்றால் தலையைக் குனிய வேண்டாம். திருப்பி ஒன்று கேளுங்கள்: "நீங்க எத்தனை நாள் அடை காத்தீங்க, சார்?"