பயிற்சி ஆண்டிலும் கட்டணம்

என் சின்னம்மாவின் மகள் அமெரிக்காவில் உளவியலில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்தவள். 2024 இல் அவள் உள்ளகப் பயிற்சிக்குப் போகிறாள் என்றதும் எங்கள் உறவுகள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "இனி என்ன, வகுப்பு முடிஞ்சிது, சம்பளம் வரும்."

சம்பளம் என்று சொல்லக்கூடிய ஒரு சிறு உதவித்தொகை வந்தது உண்மைதான். ஆனால் அந்த ஆண்டுக்கும் அவள் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. இது பலருக்குத் தெரியாது.

அவளுடைய தகப்பன் 2006 இல் வாகரைப் பக்கம் போனவர், திரும்பவில்லை. தாய்மாமன் எப்போதோ போட்டு வைத்த மனு கைகூடி, 2011 இல் தாயும் மகளும் அமெரிக்கா போனார்கள். சின்னம்மா அங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறார். தாயின் அழுகையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை உளவியலைத் தெரிந்தெடுத்ததில் எனக்கு வியப்பில்லை.

அங்கே சிகிச்சை உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற, கடைசியில் ஒரு வருட முழுநேரப் பயிற்சி கட்டாயம். பல இடங்களில் அது 2000 மணித்தியாலம். மாணவர் தாம் விரும்பும் நிலையங்களை வரிசைப்படுத்திக் கொடுப்பார்கள், நிலையங்களும் அவ்வாறே கொடுக்கும். கணினி இரண்டையும் பொருத்திப் பெப்ரவரியில் முடிவு சொல்லும். கிடைத்த இடத்துக்குப் போகத்தான் வேண்டும். இவளுக்குக் கிடைத்தது வேறொரு மாநிலம். வீட்டு வாடகை, முற்பணம், பயணச் செலவு எல்லாம் உதவித்தொகை கைக்கு வரமுன்னரே வந்துவிட்டன.

பல்கலைக்கழகத்தின் வகுப்பறைக்குள் அந்த வருடம் அவள் கால் வைக்கவில்லை. நோயாளரைப் பார்த்தது நிலையத்தில். வாரத்தில் நான்கு மணித்தியாலமாவது மேற்பார்வை செய்தவர்களும் நிலையத்து உளவியலாளர்களே. பிறகு ஏன் கட்டணம்? பயிற்சி பட்டத்தின் ஒரு பகுதி, ஆகவே அவள் பதிவுசெய்த மாணவியாக இருக்க வேண்டும் என்பதே பதில். சில பல்கலைக்கழகங்கள் பெயருக்கு ஒரு சிறு பதிவுக் கட்டணத்தோடு விட்டுவிடும். இவளுடையது அப்படியல்ல, கிரெடிட் கணக்கில் அறவிட்டது.

பதிவை விடவும் முடியாது. அரச கல்விக் கடன் எடுத்தவர் பாதிநேர மாணவராகவேனும் இருந்தால்தான் தவணை தள்ளிப்போகும். பதிவு போனால் ஆறு மாதத்தில் கட்டத் தொடங்க வேண்டும். வட்டியோ முதல் நாளிலிருந்தே ஏறும், 2012 இலிருந்து பட்டப்பின் மாணவருக்கு அங்கே வட்டி மானியம் கிடையாது.

எங்கள் நாட்டில் 1945 இலிருந்து இலவசக் கல்வி. நான் சமூகவியல் படித்தபோது கள ஆய்வுக்குப் போக பஸ் காசுதான் செலவு. அதுவே எனக்குப் பாரமாக இருந்தது. வேலை செய்து கொடுப்பவளே வேலை பழகுவதற்குப் பணமும் கட்டுவதென்றால், வீட்டில் கொஞ்சம் வசதி உள்ள பிள்ளைகள்தான் அந்தத் தொழிலில் மிஞ்சுவார்கள். துயரப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறவர்கள் பாதியில் நின்றுவிடுவார்கள். இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரு நாள் சின்னம்மா எனக்குத் தொலைபேசி எடுத்தார். "புள்ள, கொம்மாட்டக் குடுத்து வெச்ச அட்டியல வித்து அனுப்பு" என்றார். சித்தப்பா கட்டிய தாலி இடம்பெயர்வில் போய்விட்டது. அவர் தந்ததில் மிஞ்சியது அந்த அட்டியல் மட்டும்தான். அன்றிரவே தங்கச்சி அழைத்தாள். "அக்கா, அத வித்தா நான் இந்தப் படிப்ப விட்டுருவன்."

பிறகு அவள் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். கட்டணத்தைக் குறைக்கவில்லை, மாதத் தவணையில் கட்ட விட்டார்கள். இரண்டு பெண்களோடு ஓர் அறையில் இருந்து, சோற்றுப் பெட்டி கட்டிக்கொண்டு போய்ச் சமாளித்தாள். சின்னம்மா மேலதிக இரவு வேலை எடுத்தார்.

பிள்ளைகளை வெளிநாட்டில் இப்படிப் படிக்க அனுப்புகிறவர்கள் முதல் வருடக் கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். பயிற்சி ஆண்டுக்கு எவ்வளவு, தவணை உண்டா, எத்தனை கிரெடிட் பதிய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

தங்கச்சி பயிற்சியை முடித்துவிட்டாள், கடன் இன்னும் இருக்கிறது. வாகரைக்கு வந்து, காணாமற்போனோரின் தாய்மாரோடு கொஞ்சக் காலம் வேலை செய்ய வேண்டும் என்கிறாள். அட்டியல் எங்கள் அலுமாரியில்தான் இருக்கிறது. சின்னம்மா இப்போதும் எடுத்தவுடன் பவுண் என்ன விலை என்றுதான் கேட்பார்.