வாகனத்தை உயர்த்த முன்னர்...

ஆரையம்பதியில் வீடும் படுவான்கரையில் வயலுமாக வாழும் குடும்பங்களுக்கு மாரிகாலம் ஒரு சோதனைக் காலம்தான். 2014 ஏப்ரலில் யப்பானின் உதவியுடன் 210 மீற்றர் நீளமான மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் வாவியைக் கடப்பது இலகுவாயிற்று. ஆனால் அதற்கு அப்பால் வயல்வரை செல்லும் கிறவல் வீதிகள் மழை பெய்தால் சேறும் பள்ளமுமாகிவிடுகின்றன.

எங்களிடம் இருப்பது ஒரு பழைய டபிள் கப் வாகனம். பள்ளங்களில் அடி தட்டுகிறது, குறைந்த செலவில் உயர்த்திவிடுவோம் என்றார் கணவர். அதற்கென இருந்ததோ நான் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. எனவே, என்ன வேலை செய்யப் போகிறார்கள் என்று கராஜில் ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தேன். வாகன விடயம் ஆண்களுடையது என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். பிள்ளைகளுடன் அதில் ஏறியிருப்பவர்கள் நாமும்தானே!

மலிவான வழிகள் மூன்றைச் சொன்னார்கள். பின்பக்க அச்சுக்கும் பட்டை ஸ்பிறிங்குக்கும் இடையில் இரும்புக் கட்டை வைப்பது. ஸ்பிறிங்கில் மேலதிகமாக ஒரு பட்டை சேர்ப்பது. முன்பக்க முறுக்குக் கம்பியை இறுக்குவது.

இவற்றால் நன்மை இல்லாமல் இல்லை. வாகனத்தின் உடல் உயர்வதால் மேடு பள்ளங்களில் அடிப்பகுதி உரசுவது குறையும். சற்றுப் பெரிய ரயர் பூட்டவும் இடம் கிடைக்கும்.

ஆனால் அச்சின் நடுவே தாழ்ந்து நிற்கும் டிபரன்சியல் பெட்டி ஓர் அங்குலமும் உயராது. சேற்றில் முதலில் புதைவது அதுதான். அதனை உயர்த்தப் பெரிய ரயரால் மட்டுமே முடியும். அதுவும் ரயரின் குறுக்களவு 2 அங்குலம் கூடினால் உயர்வது 1 அங்குலம்தான்.

தீமைகளோ பல. பாரம் மேலேறுவதால் வளைவுகளில் கவிழும் ஆபத்து கூடுகிறது. நெல் மூட்டைகளுக்கு மேல் ஆட்களும் ஏறினால் சொல்லவே வேண்டாம். பிறேக் குழாய்கள் இழுபடுகின்றன. சுழல் தண்டின் மூட்டுக்கள் சரிவு கூடி விரைவில் தேய்கின்றன. இறுக்கிய கம்பியால் சில்லு பள்ளத்தில் இறங்கித் தரையைப் பற்றுவது குறைகிறது, குலுக்கம் கூடுகிறது. கர்ப்பிணியோ முதியவரோ ஏறினால் அது எத்தனை வேதனை!

எல்லாவற்றிலும் கொடியது, வாகனம் உயரமானது என்று பிறக்கும் துணிச்சல். 2011 ஜனவரிப் பெருவெள்ளத்தை எம்மில் யார் மறந்தோம்? இரண்டடி ஆழத்தில் பாயும் நீர் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லப் போதுமானது. இரண்டு அங்குலக் கட்டை அதற்கு முன் எம்மாத்திரம்?

இவற்றையெல்லாம் கணவருடன் இருந்து பேசினேன். அவரும் யோசித்துப் பார்த்தார். தொய்ந்துபோன ஸ்பிறிங் பட்டைகளையும் சொக் அப்சோபர்களையும் மாற்றினோம். வாகனம் தன் பழைய உயரத்துக்கு வந்தது. மீதிக் காசில் சேற்றுக்கேற்ற ரயர் இரண்டு வாங்கினோம். வீதியை மூடி நீர் பாய்ந்தால் திரும்பி வந்துவிடுவது என்று இருவரும் முடிவு செய்துகொண்டோம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்பேச்சு எழுந்தால், எவ்வளவு செலவு என்று மட்டும் கேளாதீர்கள். பிறேக் குழாய் போதுமா, பாரம் ஏற்றினால் வளைவில் நிற்குமா, காப்புறுதி செல்லுமா என்றும் கேளுங்கள். விடை கிடைத்த பின் காசை எடுத்துக் கொடுங்கள்.