வகிடு கோணினாலும்...

பதினான்கு வயதுப் பெண், "அம்மா, தலை பின்னி விடேன்" என்று உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால் என்ன நினைப்பீர்கள்? இரண்டு வருஷமாகத் தானே பின்னிக்கொண்டவள் மறுபடி நம்மைத் தேடி வந்தாளே என்று உச்சி குளிர்ந்து போவீர்கள் அல்லவா? நானும் குளிர்ந்துதான் போனேன். நாலு நாள் கழித்து, சட்டையில் கையை நுழைக்க முடியாமல் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

என் பெண் நீச்சல்காரி. ஐம்பது மீட்டர் குளத்தில் தினம் 3 கிலோமீட்டர் நீந்துவாள். அன்று அரிசி களைந்துகொண்டே கணக்குப் போட்டேன். ஒரு நீளத்துக்குச் சுமார் 40 கைவீச்சு. 60 நீளத்துக்கு 2,400. அதாவது ஒவ்வொரு தோளும் தினம் 1,200 தரம் சுழல்கிறது! என் பாட்டி ஆட்டுக்கல்லில் சுற்றிய சுற்றெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்!

தோள் மூட்டு என்பது ஆழமில்லாத கிண்ணத்தில் வைத்த பந்து மாதிரி. நாலு சின்னத் தசைகள்தான் அதை நழுவாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவை களைத்துப் போனால் பந்து லேசாக இடம் மாறும், தசைநார் நசுங்கும், வலிக்கும். கனடாவைச் சேர்ந்த கென்னடி, ஹாக்கின்ஸ் என்ற டாக்டர்கள் 1974-லேயே இதற்கு 'நீச்சல்காரர் தோள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"ஏன்டீ என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னா போட்டிக்கு அனுப்ப மாட்டே."

எனக்குச் சுருக்கென்றது. கூடத்தில் கண்ணாடி அலமாரி செய்து, பதக்கங்களை அடுக்கி, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டியவள் நான்தானே?

மாடி வீட்டு மாமி ஒரு கைரோபிராக்டிக் நிபுணரைச் சொன்னாள். "ஒரே சொடக்கு, வலி பறந்துடும்!" 1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் என்பவர் ஆரம்பித்த வைத்தியம் இது. முதுகெலும்பையும் மூட்டுக்களையும் கையாலேயே அழுத்திச் சரி செய்வார்கள். கழுத்தை வெடுக்கென்று திருப்பியபோது அபூர்வமாக ரத்தக்குழாய் கிழிந்து ஆபத்தானதும் உண்டு. ஆகவே, "கழுத்தைத் தொடக்கூடாது" என்று உள்ளே நுழைந்ததுமே கறாராகச் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மேல்முதுகில் கையை வைத்து அழுத்தினார். 'சடக்'! பெண்ணின் கை ஜம்மென்று உயர்ந்தது. நான் பூரிப்போடு பணப்பையைத் திறந்தேன்.

"அம்மா, இது இரண்டு நாள் சுகம்தான். எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். தசை பலப்பட்டால்தான் தோள் நிற்கும்" என்றார்.

அவர் வாக்குப் பலித்தது. மூன்றாம் நாள் வலி திரும்பி வந்தது.

அந்த வருஷப் போட்டி போயிற்று. அன்றிரவு அவள் தலையணையில் முகம் புதைத்து அழுதாள், எனக்கும் தூக்கமில்லை. பிறகு பிஸியோதெரபி. ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி, தோள்பட்டைகளைப் பின்னுக்குச் சேர்த்து, காலையும் மாலையும் இழுப்பாள். கை நடுக்கோட்டைத் தாண்டித் தண்ணீரில் விழுகிற பழக்கத்தைப் பயிற்சியாளர் கண்டுபிடித்துத் திருத்தினார். முதலில் 500 மீட்டர், அப்புறம் 800 என்று கூட்டி, மூன்று மாதம் ஆயிற்று.

நேற்றுக் காலை வழக்கம்போல் சீப்போடு அவள் பின்னால் போய் நின்றேன்.

"நீ போம்மா, நானே பின்னிக்கறேன்."

இரண்டு கையும் தலைக்குப் பின்னால் போயின. வகிடு கோணல்தான். நான் வாயைத் திறக்கவில்லை.